இரவில் குழந்தைக்குக் காய்ச்சல்: எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

கேள்வி கேட்டவர்: இரு பிள்ளைகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு மூன்றரை வயது, மகனுக்கு 8 மாதம். மகள் மழலையர் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதிலிருந்து சளி, இருமல், காய்ச்சல் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. ஒன்று முழுவதும் தணிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. அவளுக்கு வந்த சில நாட்களில் தம்பிக்கும் வந்துவிடுகிறது. மருத்துவர் ஒவ்வொரு முறையும் நன்றாகப் பார்த்துவிட்டு, இது சாதாரண வைரஸ் தொற்றுதான், தானாகச் சரியாகிவிடும் என்கிறார். அவர்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆயினும், நள்ளிரவில் குழந்தையின் உடல் அனலாய்க் கொதித்து, வெப்பமானி 103 டிகிரி என்று காட்டும்போது, விடியும் வரை காத்திருக்க மனம் இடம் கொடுப்பதில்லை.

என் கணவர் காலை வரை பார்க்கலாம் என்பார். நான் உடனே கிளம்பலாம் என்பேன். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிடும், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பார் என் மாமியார். மூவரும் குழந்தையின்மேல் உள்ள அக்கறையால்தான் பேசுகிறோம். ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பது எங்களில் யாருக்கும் தெளிவாக இல்லை. எந்த நிலையில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், எதைக் கண்டால் நேரம் பார்க்காமல் புறப்பட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். இப்படி அடிக்கடி நோய்வாய்ப்படுவதால் அவளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவோ என்ற கவலையும் இருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், குழந்தைகள் பிரிவு

சகோதரி, உங்கள் கடைசிக் கவலைக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் அச்சத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்புகிறது என்று தோன்றுகிறது. இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. பல குழந்தைகளோடு சேர்ந்திருக்கும் முதல் ஆண்டில் அது 10, 12 முறை வரை போகலாம். ஒவ்வொரு சளியும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும், இருமல் மட்டும் மூன்றாவது வாரம் வரை இழுக்கும். கூட்டிப் பார்த்தால், ஆண்டில் பல மாதங்கள் மூக்கு ஒழுகிக்கொண்டே இருப்பதில் வியப்பில்லை. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேற்பட்டவை; அவற்றை ஒவ்வொன்றாகச் சந்தித்துத்தான் குழந்தையின் உடல் எதிர்ப்பாற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருக்குமோ என்று மருத்துவர்கள் ஐயுறுவது வேறு விதமான குழந்தைகளைப் பார்த்துத்தான்: ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா வந்தவர்கள், நரம்பு வழியாக மருந்து ஏற்றினால்தான் தொற்று அடங்குகிறவர்கள், எடை கூடாமல் நிற்பவர்கள், ஒரு வயதுக்குப் பின்னும் வாயில் பூஞ்சைப் படலம் நீங்காதவர்கள். உங்கள் மகள் இடைப்பட்ட நாட்களில் உண்டு, ஓடியாடி, வளர்ந்துவருகிறாள் என்றால் அந்தக் கவலையை இறக்கி வைத்துவிடலாம்.

இனி காய்ச்சல். 100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸ், அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று கொள்கிறோம். கிருமியை எதிர்கொள்ள உடல் தானே தன் வெப்பத்தை உயர்த்திக்கொள்கிறது. அது எங்கோ கட்டுப்பாடில்லாமல் ஏறிக்கொண்டே போவதில்லை. மூளைக்குள் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு மையமே அதற்கு ஓர் எல்லையை வைத்திருக்கிறது. வெப்பத்தாலேயே மூளை பாதிக்கப்பட வேண்டுமானால் ஏறத்தாழ 107.6 டிகிரியைத் தாண்ட வேண்டும். தொற்றினால் வரும் காய்ச்சல் அந்த அளவுக்குச் செல்வது மிக மிக அரிது. மூடிய வாகனத்துக்குள் குழந்தை சிக்கிக்கொள்வது போன்ற வெப்பத்தாக்கு முற்றிலும் வேறு; அது உயிருக்கு ஆபத்தான அவசரநிலை. உங்கள் மாமியாரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஈரத்துணியால் துடைப்பதை இப்போது பெரும்பாலான வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. குளிர்ந்த நீர் பட்டதும் தோலின் இரத்த நாளங்கள் சுருங்கி, குழந்தை நடுங்கத் தொடங்கும். நடுக்கம் வெப்பத்தை இன்னும் கூட்டும். மெல்லிய ஆடை, காற்றோட்டமான அறை, அடிக்கடி நீர் அல்லது தாய்ப்பால் ஆகியவை போதும்.

மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க, வெப்பமானியைவிடக் குழந்தையைப் பார்ப்பதே பயன்படும். 103 டிகிரியில், மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, உங்களைப் பார்த்துச் சிரித்து, நீர் கேட்டு வாங்கிக் குடிக்கும் குழந்தையைக் காலை வரை வைத்துப் பார்க்கலாம். 100.8 டிகிரியிலேயே தூக்கினால் துவண்டு விழுந்து, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல், முனகிக்கொண்டிருக்கும் குழந்தையை ஒரு நிமிடமும் தாமதிக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். வார்டில் பணியாற்றிய காலம் முழுவதும், காய்ச்சல் அட்டையில் எழுதியிருந்த எண்ணைவிடக் குழந்தை கண் திறந்து எங்களைப் பார்க்கிற விதத்தைத்தான் நாங்கள் முதலில் கவனித்தோம்.

வெப்பமானியின் எண்ணே முடிவு செய்கிற இடமும் ஒன்று உண்டு: மூன்று மாதம் நிரம்பாத பச்சிளங்குழந்தை. அந்த வயதில் 100.4 டிகிரியைத் தொட்டாலே, குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், எந்நேரமானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடுமையான பாக்டீரியா தொற்று இருந்தும் வெளியில் எதுவும் காட்டாத வயது அது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 102.2 டிகிரி வந்தால் அன்றே காட்டுவது நல்லது. உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான்.

மூச்சைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். பெற்றோர் கற்க வேண்டியவற்றில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்திவிட்டு, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தவறு வரும், ஏனெனில் சிறு குழந்தைகளின் மூச்சு சீராக இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி, இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை நிமிடத்துக்கு 50 முறை அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 முறை அல்லது அதற்கு மேலும் மூச்சு வாங்கினால் அது விரைவான மூச்சு. இருமலோடு அது சேர்ந்தால் நிமோனியாவாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே சதை உள்வாங்கினாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் கேட்டாலோ, உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிராமல் கிளம்புங்கள்.

இவற்றோடு, கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் உடலில் தோன்றுவது, கழுத்து விறைப்பது, சிறு குழந்தையின் உச்சிக்குழி புடைப்பது ஆகியவையும் உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள். நிறம் அடர்ந்த தோலில் புள்ளிகள் எளிதில் தெரியா. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம் ஆகிய இடங்களில் பாருங்கள். குழந்தை நன்றாக இருந்தாலும் காய்ச்சல் ஐந்து நாட்களுக்கு மேல் நீடித்தால் காட்டியே ஆக வேண்டும். இதயத்தின் இரத்த நாளங்களைப் பாதிக்கும் கவாசாகி நோயைக் காலத்தில் கண்டுபிடிப்பதற்கு அந்த ஐந்து நாள் கணக்கு முக்கியம். மலேரியாவோ டெங்குவோ பரவும் பகுதியில் இருப்பவர்கள் அத்தனை நாள் காத்திருக்கக் கூடாது. தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம் என்பதால், காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி அடையும் அந்த நாட்களில்தான் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக் கசிவு, சோர்வு ஆகியவை இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

பதில்: மருந்தாளுநர்

மேலே செவிலியர் அம்மா சொன்னதோடு மருந்தைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

பாராசிட்டமால் கொடுப்பதன் நோக்கம் குழந்தையின் உடல் வலியையும் எரிச்சலையும் தணித்து, அது நீர் அருந்தி உறங்கச் செய்வது. காய்ச்சலை 98.6க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று மருந்தை அடுக்கக் கூடாது. நன்றாக உறங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்பவும் வேண்டியதில்லை. அளவை வயதைக்கொண்டு கணிப்பதைவிட எடையைக்கொண்டு கணிப்பது சரியானது: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது.

பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் புட்டியின் அடர்த்தி. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 180 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 7.5 மில்லிலிட்டர். 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3.6 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் 1.8 மில்லிலிட்டர்தான். போன முறை 7.5 மில்லிலிட்டர் கொடுத்தோம் என்ற நினைவில், இந்த முறை வாங்கிய சொட்டு மருந்தை அதே அளவில் கொடுத்தால் நான்கு மடங்குக்கும் மேல் உள்ளே போய்விடும், அது கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக் கூடியது. ஆகவே ஒவ்வொரு முறை புட்டி மாறும்போதும் லேபிளைப் படியுங்கள், மருந்தோடு வரும் அளவுக் கோப்பையையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ மட்டும் பயன்படுத்துங்கள், கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தாய் கொடுத்தது தெரியாமல் தந்தை மறுமுறை கொடுப்பதும், பாராசிட்டமால் கலந்த சளி மருந்தைத் தனிப் பாராசிட்டமாலோடு சேர்த்துக் கொடுப்பதும் அரிதாக நடப்பவை என்று எண்ண வேண்டாம்.

இபுபுரூஃபனை மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுங்கள். நீர்ச்சத்து குறைந்த நிலையிலும், சின்னம்மை போட்டிருக்கும்போதும், டெங்கு ஐயம் இருக்கும்போதும் அது கூடவே கூடாது. ஆஸ்பிரினைக் குழந்தைகளின் காய்ச்சலுக்குத் தரவே கூடாது. ஆஸ்திரேலிய நோயியலாளர் டக்ளஸ் ரை 1963இல் விவரித்த, மூளையையும் கல்லீரலையும் ஒருசேரத் தாக்கும் நோய்க்கும் வைரஸ் காய்ச்சலின்போது தரப்பட்ட ஆஸ்பிரினுக்கும் தொடர்பு இருப்பது பின்னர் தெரியவந்தது. அதன் பிறகுதான் உலகெங்கும் அந்த எச்சரிக்கை பரவியது.

மூக்குச் சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறியதும் ஆன்டிபயாடிக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. சாதாரண வைரஸ் சளியிலும் நிறம் அப்படி மாறும். வைரஸ்மீது ஆன்டிபயாடிக்குக்கு எந்த வேலையும் இல்லை. வீணாகக் கொடுத்தால் வயிற்றுப்போக்கும், பிற்காலத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிஞ்சும். முந்தைய நோய்க்கு எழுதித் தந்த மீதி மருந்தைத் திரும்பக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கடையில் கிடைக்கும் இருமல், சளி சிரப்புகளும் நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வேண்டாம். பயன் குறைவு, மயக்கமும் இதயப் படபடப்பும் போன்ற பக்கவிளைவு உண்டு. உங்கள் மகளுக்கு உறங்கும் முன் சிறிது தேன் கொடுத்தால் இரவு இருமல் ஓரளவு தணியும். மகனுக்கு ஒரு துளித் தேன்கூடக் கூடாது, ஏனெனில் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் தேனில் இருக்கக்கூடிய பாட்யூலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் நுண்வித்துகள் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். அவனுக்கு மூக்கடைப்புதான் பெரிய தொல்லை. பால் குடிக்கும் முன் உப்புநீர்ச் சொட்டு விட்டால் மூச்சுவிட எளிதாகும்.

பதில்: மூன்று குழந்தைகளின் தந்தை

வலிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் இரண்டாவது மகனுக்கு இரண்டு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண்கள் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தபோது அவன் எங்களை விட்டுப் போய்விட்டான் என்றே நினைத்தோம். இதைப் படிக்கும் பெற்றோருக்கு அந்த நொடி வந்தால், என்ன செய்வது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாக நின்றுவிடும். சிறிது நேரம் நீடிக்கும் எளிய வலிப்பு மூளைக்குக் கேடு செய்வதில்லை. குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தைச் சுற்றியுள்ள ஆடையைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டி, துணி, விரல், மருந்து எதையும் வைக்காதீர்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். முதல் முறை வரும் வலிப்பை, நின்றுவிட்டாலும், மருத்துவர் அன்றே பார்க்க வேண்டும். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது மீண்டும் வரும். காய்ச்சல் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் அதைத் தடுத்துவிடலாம் என்பது உண்மையில்லை என்று மருத்துவர் எங்களிடம் சொன்னபோது, இரவெல்லாம் விழித்திருந்து வெப்பமானியோடு போராடிய பாரம் எங்களிடமிருந்து இறங்கியது. அவன் இப்போது நலமாக இருக்கிறான்.

செவிலியர் அம்மாவின் கருத்தோடு ஓரிடத்தில் மட்டும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பட்டியலில் உள்ள எந்த அறிகுறியும் இல்லாமல், ‘இவன் எப்போதும் போல இல்லை’ என்று தாய்க்கோ தந்தைக்கோ தோன்றினால், அதுவே மருத்துவரிடம் செல்வதற்குப் போதுமான காரணம். அப்போது கணவர் காலை வரை பார்க்கலாம் என்று சொன்னாலும் கிளம்பிவிடுங்கள்.

மறுமொழி: இரு பிள்ளைகளின் தாய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகன் அமைதியாக உறங்கும்போது மூச்சை எண்ணிப் பார்த்துப் பழகிக்கொண்டேன். நலமாக இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மாறும்போது தெரியும் என்று எண்ணுகிறேன். என் கணவரும் மாமியாரும் இந்தப் பதில்களைப் படித்தார்கள். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மகளுக்கு இன்று வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கியிருக்கிறது, எது கொடுத்தாலும் வெளியே வந்துவிடுகிறது. தம்பிக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மேலும், எப்போது அவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பலாம்?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், குழந்தைகள் பிரிவு

நலமாக இருக்கும் குழந்தையின் மூச்சை எண்ணிவைத்தது மிகச் சிறந்த செயல், சகோதரி.

வயிற்றுப்போக்கில் குழந்தைக்குத் தீங்கு செய்வது நீரும் உப்பும் வெளியேறுவதுதான், ஆகையால் சிகிச்சையும் அவற்றைத் திருப்பித் தருவதே. ஓஆர்எஸ் (வாய்வழியாகப் புகட்டும் உப்பு, சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தில் சர்க்கரை சுவைக்காகச் சேர்க்கப்படுவதில்லை. குடற்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகச் சேர்ந்துதான் உள்ளே நுழைகின்றன, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. கழிச்சல் கடுமையாக இருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. வங்கதேசப் போரின்போது, 1971இல், மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் இந்தக் கரைசலை நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துப் புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. புகட்டியவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் உடன் வந்தவர்களும் என்பதை நான் இளம் பெற்றோரிடம் எப்போதும் சொல்வேன்.

பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிலிட்டருக்கு. பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கரைத்தால் உப்பின் அளவு தவறிவிடும். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று கொடுங்கள். தாகத்தில் அவள் தம்ளரை வாங்கி மளமளவென்று குடிக்கத்தான் முனைவாள். குடித்தால் மறுபடி வெளியே வந்துவிடும். ஒவ்வொரு முறை நீராகப் போன பின்னும் உங்கள் மகளுக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் வரை கொடுக்க வேண்டும். தம்பிக்கு வந்தால் 50 முதல் 100 போதும், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பழச்சாறும் இனிப்புப் பானங்களும் கழிச்சலை அதிகமாக்கும். வழக்கமான உணவை அவள் கேட்டதும் கொடுங்கள், பட்டினி போட வேண்டாம். ஜிங்க் மருந்தையும் 10 முதல் 14 நாட்கள் வரை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கழிச்சல் நின்ற பிறகும் அதை முடிக்க வேண்டும். பெரியவர்கள் போடும் கழிச்சலை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குத் தராதீர்கள்.

ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமை, கண்கள் குழிவிழுதல், அழுதால் கண்ணீர் வராமை, வாய் வறட்சி, தள்ளாட்டம், மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, கரண்டியில் கொடுப்பதும் தங்காமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள். தம்பிக்குத் தொற்றாமல் இருக்க, மலம் கழுவிய பின்னும் உணவு தொடும் முன்னும் சோப்பால் கை கழுவுங்கள். இத்தகைய வைரஸ்கள் பலவற்றுக்கு ஆல்கஹால் கலந்த கைத்தெளிப்பான் சரியாக வேலை செய்வதில்லை. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து தவணைகள் அவனுக்கு முடிந்திருக்கின்றனவா என்று தடுப்பூசி அட்டையையும் பார்த்துவிடுங்கள்.

பள்ளியைப் பொறுத்தவரை, கடைசி வாந்தியோ கழிச்சலோ நின்று 48 மணி நேரம் ஆன பிறகு அனுப்புங்கள். காய்ச்சல் மட்டும் இருந்திருந்தால், மருந்து இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்தால் போதும். சின்னம்மை என்றால் கொப்புளங்கள் அனைத்தும் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். மூக்கு ஒழுகுவதும் இலேசான இருமலும் மட்டும் மிச்சமிருக்க, அவள் சுறுசுறுப்பாக இருந்தால் அதற்காக வீட்டில் நிறுத்த வேண்டாம். இன்று இரவு அவளுக்குச் சிறுநீர் எத்தனை முறை போகிறது என்பதை மட்டும் எழுதிவைத்து, நாளை காலை இங்கே தெரிவியுங்கள். இரவிலேயே குறைந்துவிட்டால் இங்கே எழுதிக்கொண்டிராமல் நேரே மருத்துவரிடம் செல்லுங்கள்.